“ஆருக்க மவன்லே நீ?”: கோட்டாறு முடுக்கிலிருந்து புது நகருக்கு வீடு மாறிய அக்காவும் தம்பியும்

நாகர்கோவிலில் பதின்வயதுப் பிள்ளைகளுக்கான ஆலோசகராக வேலை பார்க்கிறேன். இந்த நிகழ்வை எழுத அந்தக் குடும்பம் சம்மதம் தந்திருக்கிறது. பெயர்களை விட்டுவிட்டேன். ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பையனுக்கு 14 வயது, ஒன்பதாம் வகுப்பு. பொங்கல் லீவு முடிந்த வாரம், இடது புருவத்துக்கு மேல் மூன்று தையலோடு அம்மாவுடன் வந்தான். பஸ் நிறுத்தத்தில் பக்கத்து ஜங்ஷன் பையன்களோடு அடிதடி. அதற்கு முந்தின மூன்று மாதத்தில் பதினொரு நாள் பள்ளிக்கு மட்டம், டியூஷன் பணத்தில் கணக்கு உதைக்கிறது, வீட்டில் யாரோடும் பேச்சில்லை. எட்டாம் வகுப்பு வரை அவனைப் பற்றி ஒரு புகார்கூட வந்ததில்லை. “நல்லா இருந்த பிள்ள டீச்சர். ஆரோ செய்வின வச்ச மாதிரி மாறிட்டான்” என்றார் அம்மா.

எப்போதிலிருந்து என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். “வீடு மாறுனதுக்குப் பெறவு.”

பள்ளியிலிருந்து வந்த குறிப்பில் இந்த வீடு மாறிய விஷயமே இல்லை. ‘ஒழுக்கப் பிரச்சினை, சேர்க்கை சரியில்லை’ என்று இரண்டு வரி. பொதுவாக அப்படித்தான் எழுதுவார்கள், அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. நானும் முதல் இரண்டு சந்திப்புகளில் நண்பர்களைப் பற்றியும் போனைப் பற்றியும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் தலையைக் குனிந்தபடி “ஒண்ணுமில்ல மிஸ்” என்று மட்டும் சொன்னான்.

முடுக்கும் நகரும்

அப்பா கோட்டாறு கம்போளத்தில், அதாவது சந்தையில், ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறார். தாத்தா காலத்திலிருந்தே கம்போளத்துக்குப் பின்னால் ஒரு முடுக்கில்தான் குடியிருப்பு. முடுக்கு என்றால் எதிரெதிரே வரும் இரண்டு பேர் தோள் உரசாமல் போக முடியாத சந்து. பைக் வந்தால் ஏதாவது ஒரு வீட்டு நடையில் ஏறி நின்று வழிவிட வேண்டும். பதினெட்டு வீடு, ஒரு தையல் கடை, ஒரு தெருக்குழாய். கோயில் மணியும் சவேரியார் பேராலய மணியும் பள்ளிவாசல் பாங்கும் வீட்டுக்குள் இருந்தபடியே கேட்கும்.

போன வருஷம் மே மாதம், பங்கு பிரித்து வந்த பணத்தோடு பேங்க் லோனும் சேர்த்து, பார்வதிபுரத்துக்கு மேற்கே ஒரு புது நகரில் நாலு சென்ட் வீட்டை வாங்கிக் குடிபோனார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அது வயல். இப்போது நாற்பது வீடு, நாற்பது காம்பவுண்டுச் சுவர், நாற்பது இரும்பு கேட். பல வீடுகளில் ஆண்கள் வளைகுடா நாடுகளில் இருக்கிறார்கள், சில வீடுகள் பூட்டியே கிடக்கின்றன. பழைய வீட்டிலிருந்து ஏழு கிலோமீட்டர்கூட இருக்காது.

ஏழு கிலோமீட்டரை இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டுமா என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். குமரி மாவட்டத்தில் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து வந்த சின்ன மாவட்டம் இது. 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 18.7 லட்சம் பேர், சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல். மக்கள்தொகையில் 82 சதவீதம் நகர்ப்புறத்தில் என்று அதே கணக்கு சொல்கிறது. சென்னையை விட்டால் அந்த அளவு வேறெந்த மாவட்டத்துக்கும் அப்போது இல்லை. ஆனால் இந்த நகர்ப்புறத்தில் பெரும்பகுதி, தென்னந்தோப்பையும் வயலையும் கடற்கரையையும் உள்ளடக்கிய பேரூராட்சிகள்தான். நாகர்கோவில் மாநகராட்சி ஆனதே 2019-இல். ஆகவே இங்கே ஒருவரிடம் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால் ஒரு விளையின் பெயர், முடுக்கின் பெயர், கத்தோலிக்கப் பங்கின் பெயர், சி.எஸ்.ஐ. சேகரத்தின் பெயர், பள்ளிவாசல் ஜமாத்தின் பெயர் என்றுதான் பதில் வரும். புதிதாக ஒரு பையனைப் பார்த்தால் பெரியவர்கள் அவன் பெயரைக்கூட அப்புறம்தான் கேட்பார்கள். முதல் கேள்வி: “ஆருக்க மவன்லே நீ?” யாருடைய மகன் நீ என்று அர்த்தம்.

அந்தக் கேள்வி என் சின்ன வயதில் எனக்குப் பிடிக்காது. இந்தப் பையனைப் பார்த்த பிறகு அதை வேறு மாதிரி கேட்கிறேன்.

அவன் வரைந்த படம்

மூன்றாவது சந்திப்பில் பேச்சை விட்டுவிட்டு ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் கொடுத்தேன். உன் இடத்தை வரை என்றேன், வேறு விளக்கம் எதுவும் சொல்லவில்லை. இது நான் கண்டுபிடித்த முறை இல்லை. நகரமைப்பு அறிஞர் கெவின் லிஞ்ச் 1970களில் யுனெஸ்கோ ஆய்வொன்றில் மெல்பர்ன், வார்சா, அர்ஜென்டினாவின் சால்டா போன்ற இடங்களில் பதின்வயதைத் தொட்ட பிள்ளைகளைத் தங்கள் வட்டாரத்தை வரையச் சொன்னார். 1990களில் ஆய்வாளர் லூயிஸ் சாவ்லா அந்த வேலையை மறுபடி தொடங்கியபோது பெங்களூரின் சத்யா நகரும் அதில் சேர்ந்தது. வசதி குறைந்த இடங்களில் சில, பிள்ளைகள் கண்ணுக்கு நல்ல இடங்களாகத் தெரிந்தன. நாலு பேருக்குத் தங்களைத் தெரிந்திருப்பது, பயமில்லாமல் சுற்ற முடிவது, செய்ய ஏதாவது இருப்பது ஆகியவைதான் அவர்கள் கணக்கில் பெரிதாக நின்றன.

பையன் முக்கால் மணி நேரம் வரைந்தான். எட்டு மாதமாகக் குடியிருக்கும் புது வீட்டைத் தாளின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டமாகப் போட்டிருந்தான். அந்தக் கட்டத்துக்குப் போகும் ரோடுகூட இல்லை. மீதித் தாள் முழுக்கப் பழைய முடுக்கு. தையல் கடையின் படி மூன்று, அதில் நடுப்படி உடைந்தது. தெருக்குழாயின் கீழே தண்ணீர் தேங்கும் குழி. கிறிஸ்துமஸ் குடில் கட்ட மூங்கில் சாத்தி வைக்கும் மூலை. முடுக்கு முடிகிற இடத்தில் ஒரு சுவர், சுவரில் கரியால் கிழித்த மூன்று கோடு. அதற்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து, பென்சிலை அழுத்தி, ‘கீப்பர்’ என்று எழுதியிருந்தான்.

அது அவன் வட்டப்பேர், பட்டப்பெயர். முடுக்குக் கிரிக்கெட்டில் அவன்தான் கீப்பர். பந்து அவனைத் தாண்டினால் சாக்கடைக்குள் போய்விடும், அதனால் அது சின்ன வேலை இல்லை. ஆறு வயதிலிருந்து அந்த முடுக்கில் கிழவிகள்கூட அவனைக் கீப்பர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

புது இடத்தில் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டேன். நகருக்குள் யாரும் கூப்பிடுவதில்லை. ஜங்ஷனில் நிற்கும் பையன்கள் “கோட்டாறு” என்று கூப்பிடுகிறார்களாம். விட்டு வந்த இடத்தின் பெயரே அவனுக்குப் பெயராகிவிட்டது.

சரி, அங்கே பெரியவர்கள் எப்படி என்று கேட்டேன். அப்போது அவன் சொன்ன ஒரு வாக்கியத்தை அன்று இரவே என் நோட்டில் எழுதி வைத்தேன். “அங்க ஆரும் ஏசக்கூட மாட்டாங்க மிஸ்.”

முடுக்கில் அவன் பள்ளிக்கு மட்டம் போட்டிருந்தால் தையல்காரர் படியிலிருந்தே, “லேய் கீப்பரே, இண்ணைக்கு என்ன லீவா?” என்று கேட்டிருப்பார். அடுத்த பத்து நிமிஷத்தில் அப்பாவின் கடைக்குச் செய்தி போயிருக்கும். புது நகரில் பதினொரு நாள் யூனிஃபார்மோடு சானல் கரையில், பாசனக் கால்வாய்க் கரையில், உட்கார்ந்திருக்கிறான். எத்தனையோ பேர் வண்டியில் அவனைத் தாண்டிப் போயிருக்கிறார்கள், ஒருவர்கூட நிறுத்திக் கேட்கவில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. யாருடைய பிள்ளை என்று தெரியாத பிள்ளையை எப்படிக் கேட்பது என்ற தயக்கம்தான்.

சிகாகோவில் சமூகவியலாளர் ராபர்ட் சாம்ப்சனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 343 வட்டாரங்களில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சந்தித்து நடத்திய ஆய்வு 1997-இல் வெளியானது. அதில் கேட்கப்பட்டவற்றில் ஒன்று: பள்ளிக்குப் போகாமல் தெருமுனையில் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்தால் உங்கள் அக்கம்பக்கத்தார் தலையிடுவார்களா? தலையிடுவார்கள் என்ற நம்பிக்கையும் ஒருவர்மேல் ஒருவருக்கு விசுவாசமும் இருந்த வட்டாரங்களில் வன்முறை குறைவாக இருந்தது. வறுமையைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் அப்படித்தான். அந்தத் தையல்காரருக்கு இந்த ஆய்வெல்லாம் தெரியாது. படியில் உட்கார்ந்து ஏசிக்கொண்டிருந்ததே அவர் செய்த காவல்.

அக்கா

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் இது பழைய தெருவுக்கு ஒரு புகழுரை ஆகியிருக்கும். அவனுக்கு 17 வயதில் ஒரு அக்கா இருக்கிறாள், பிளஸ் டூ. தம்பி விஷயமாகப் பேசத்தான் அவளை வரச் சொன்னேன். அவளையும் வரையச் சொன்னேன்.

அவள் தாளில் முடுக்கு ஒரே ஒரு கோடு. வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப், பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு. கோட்டின் மேல் இரண்டு இடத்தில் குறுக்கே அடித்திருந்தாள். என்ன என்று கேட்டால், அங்கே ஆண்கள் நிற்பார்கள், அதனால் எதிர்ப்பக்கம் மாறி நடக்க வேண்டும் என்றாள். புது நகர் பக்கம்தான் படம் நிறைந்திருந்தது: சானல் கரையில் சைக்கிள் ஓட்டும் பாதை, தோழி வீடு, டியூஷன், நூலகத்துக்குப் போகும் பஸ், ஒரு பெரிய புளியமரம்.

“அங்க ஆருட்டயாவது ரெண்டு வார்த்த பேசுனா, நான் வீட்டுக்கு வாறதுக்கு முந்தி சேதி வந்துரும் மிஸ்” என்றாள். பத்தாம் வகுப்பில் படிக்கும்போது கூடப் படித்த ஒரு பையன் நோட்டைத் திருப்பிக் கொடுக்க பஸ் ஸ்டாப்பில் நின்றிருக்கிறான். அதே தையல்காரர்தான் அப்பாவிடம் சொன்னது. ஒரு மாதம் அப்பா அவளோடு பேசவில்லை. புது இடத்தில் அவளை யாருக்கும் தெரியாது, அதனால் அவள் முதுகு நிமிர்ந்து நடக்கிறாள். எங்கே வீடு என்று யாராவது கேட்டால் புது நகரின் பெயரைத்தான் சொல்கிறாள். கோட்டாறு என்று அவள் வாயில் வருவதே இல்லை.

தம்பியைப் பிடித்து நிறுத்திய அதே கண்கள் அக்காவைக் கட்டிப்போட்டிருந்தன. இதை எழுதும்போதும் எனக்கு மனசு கனக்கிறது. எந்தத் தெரு நல்ல தெரு என்று ஒரு வீட்டுக்குள்ளேயே ஒரே பதில் கிடைப்பதில்லை.

அமெரிக்காவில் 1994 முதல் 1998 வரை ஐந்து பெருநகரங்களில் அரசுக் குடியிருப்புகளில் இருந்த சுமார் 4,600 குடும்பங்களை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. குலுக்கலில் பெயர் விழுந்தவர்களுக்கு வறுமை குறைந்த வட்டாரங்களில் குடியேற வாடகை உதவி கிடைத்தது. போன குடும்பங்களில் பெண் பிள்ளைகளின் மனநலம் மேம்பட்டது. பையன்களுக்கு அந்த நன்மை கிடைக்கவில்லை, சில விஷயங்களில் நிலைமை மோசமாகவும் ஆனது. பால்டிமோரிலும் சிகாகோவிலும் அந்தப் பிள்ளைகளிடமே உட்கார்ந்து பேசியவர்கள் ஒரு காரணம் கண்டார்கள். பெண் பிள்ளைகள் தோழிகள் வீட்டுக்குள்ளும் கடைகளிலும் நேரம் கழித்தார்கள். பையன்கள் பழைய வழக்கப்படி தெருமுனையில் நின்றார்கள். புது வட்டாரத்தில் தெருமுனையில் நிற்கும் பையன் சந்தேகத்துக்குரியவன். பிற்பாடு, 13 வயதுக்கு முன்னால் இடம்மாறிய பிள்ளைகள் வளர்ந்தபின் கூடுதலாகச் சம்பாதித்தார்கள் என்று பொருளாதார அறிஞர் ராஜ் செட்டி குழுவினர் காட்டினார்கள். அதற்கு மேற்பட்ட வயதில் போனவர்களுக்கு அந்தப் பலன் இல்லை.

அந்த நாட்டு இனப் பிரிவினையும் வாடகைச் சட்டமும் வேறு, நம்முடையது வேறு. அதை அப்படியே இங்கே ஒட்டவைக்க நான் விரும்பவில்லை. ஆனாலும் 14 வயதுத் தம்பியையும் 17 வயது அக்காவையும் எதிரெதிர் நாற்காலியில் பார்த்தபோது, அந்தப் பையன்களும் பெண்பிள்ளைகளும்தான் நினைவுக்கு வந்தார்கள்.

டிசம்பர்

பையன் கோட்டாறுக்குத் திரும்பிப் போகவில்லையா என்று கேட்கத் தோன்றும். போனான். சவேரியார் பேராலயத் திருவிழாக் கடைசி நாள், டிசம்பர் 3, மாவட்டமே லீவு. வீட்டில் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டான். இரவு பத்து மணிக்கு அப்பா அவனைத் தேடிப் பிடித்தது சாத்திக் கிடந்த தையல் கடைப் படியில்.

அன்று என்ன நடந்தது என்பதை அவன் என்னிடம் சொல்லப் பிப்ரவரி ஆகிவிட்டது. அந்த வருஷக் குடிலுக்கு வேலை பிரித்திருக்கிறார்கள். மூங்கில் ஒருவன், வைக்கோல் ஒருவன், சீரியல் பல்பு ஒருவன். அவன் போய் நின்றபோது பையன்கள் சந்தோஷமாகத்தான் பேசியிருக்கிறார்கள், பஜ்ஜி வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். “விருந்தாளி மாதிரி கவனிச்சாங்க மிஸ்.” சாயங்காலம் ஒரு ஆட்டம் போட்டிருக்கிறார்கள். சுவருக்கு முன்னால் வேறொரு பையன் நின்றான். அவனைத்தான் இப்போது கீப்பர் என்று கூப்பிடுகிறார்கள்.

இந்த விஷயம் தெரிந்த பிறகுதான் ஜனவரி அடிதடி எனக்குப் புரிந்தது.

டிசம்பர் நடுவில் ஜங்ஷன் பையன்கள் புத்தாண்டு வாழ்த்து ஃப்ளெக்ஸ் அடித்தார்கள். கீழே முப்பது முகம், தபால் தலை அளவில். இடத்துக்கு 300 ரூபாய். டியூஷன் பணம் போனது அங்கேதான். மூன்றாவது வரிசையில் அவன் படம், படத்துக்குக் கீழே ‘கோட்டாறு’ என்று அச்சு. பொங்கலுக்கு மறுநாள் பக்கத்து ஜங்ஷன்காரர்கள் அந்த ஃப்ளெக்ஸைக் கிழித்தார்கள். கிழிந்தது இவன் முகம் இருந்த மூலை. முப்பது பேரில் முதலில் கை ஓங்கியவன் இவன்.

எங்கள் மாவட்டத்தில் ஜங்ஷனில் பையன்கள் கூடினால் பெரியவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே நடந்த 1982 மண்டைக்காடு கலவரத்தைப் பார்த்தவர்களும், அதைக் கேட்டு வளர்ந்தவர்களும் இங்கே உண்டு. எந்தக் கொடி, எந்தப் பக்கம் என்று உடனே கேட்பார்கள். இந்தக் கூட்டத்துக்குக் கொடி எதுவும் இல்லை, விசாரித்துப் பார்த்துவிட்டேன். ஆனால் முகத்தைப் போட இடம் தேடும் பையன், யார் இடம் கொடுத்தாலும் போவான். அந்தப் பயம் எனக்கு இப்போதும் இருக்கிறது.

பதின்வயதில் ‘நான் யார்’ என்ற கேள்வி பெரிதாக எழும் என்று எழுதிய உளவியலாளர் எரிக் எரிக்சனுக்கு, தன்னைப் பெற்ற அப்பா யார் என்பது கடைசிவரை தெரியாது. ஜெர்மனியில் யூத வளர்ப்புத் தந்தையிடம் வளர்ந்தவர். ஜெபக்கூடத்தில் அவருடைய பொன்னிற முடியைப் பார்த்து வெளியாள் என்றார்கள், பள்ளியில் யூதன் என்றார்கள். ‘ஆருக்க மவன்’ என்பதற்கு இரண்டு இடத்திலும் அவரிடம் பதில் இல்லை. 1939-இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோது ‘எரிக்கின் மகன்’ என்று பொருள்படும் பெயரைத் தானே வைத்துக்கொண்டார். இந்தப் பையனுக்குத் தானே பெயர் வைத்துக்கொள்ளும் வயது இன்னும் வரவில்லை.

பிறகு செய்தவை

அப்பாவின் முதல் முடிவு, ஜங்ஷன் பக்கமே போகக் கூடாது என்பது. நான் அதற்கு உடன்படவில்லை. வீட்டுக்குள் அடைத்தால் அவனுக்கு இருக்கும் ஒரே பெயரையும் பிடுங்கிக்கொள்வோம் என்றேன். அவருக்குக் கோபம்தான் வந்தது. “நான் கடன வாங்கி வீடு வாங்குனது இதுக்கா டீச்சர்?” அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அந்த வீட்டை வாங்க அவர் எவ்வளவு பாடுபட்டிருப்பார் என்பது எனக்குத் தெரியும்.

நகரின் குடியிருப்போர் சங்கத்தில் பேசி, காலியாகக் கிடந்த ஒரு பிளாட்டில் சாயங்காலம் பிள்ளைகள் விளையாட அனுமதி வாங்க ஏழு வாரம் ஆனது. கார் கண்ணாடி உடையும் என்பதுதான் எல்லோருடைய பயமும். கடைசியில் ரப்பர் பந்து மட்டும் என்ற நிபந்தனையோடு விட்டார்கள். ஐந்தாறு சின்னப் பிள்ளைகள் வருகிறார்கள். இவன் சில நாள் போகிறான், சில நாள் போவதில்லை.

நான் எதிர்பார்க்காத ஒன்று அப்பாவிடமிருந்து வந்தது. கடை முடிந்து அவர் வரும் பஸ் எட்டேகாலுக்கு. வழக்கமாக நகருக்குள் போகும் அடுத்த நிறுத்தத்தில் இறங்குவார். மார்ச் மாதம் ஒரு நாள் ஜங்ஷனிலேயே இறங்கி, பையன்கள் நிற்கும் டீக்கடையில் ஒரு சாயா சொல்லி உட்கார்ந்தார். ஒன்றும் பேசவில்லை. மகன் முகம் வெளிறி வீட்டுக்கு ஓடிவிட்டான். மறுநாளும் இறங்கினார். நாலாவது நாள் ஒரு பையன், “மாமா, கோட்டாறுக்க அப்பாவா?” என்று கேட்டிருக்கிறான். ஆமாம் என்று சொல்லிவிட்டு, அவனிடம் திருப்பி, “நீ ஆருக்க மவன்?” என்று கேட்டிருக்கிறார். அந்தப் பையனின் தாத்தா கம்போளத்தில் மிளகாய் வியாபாரம் செய்தவராம். இருவருக்கும் அரை மணி நேரம் பேச இருந்தது.

ஜூன் மாதச் சந்திப்பில் அவன் பள்ளி வருகைப் பதிவைப் பார்த்தேன். ஏப்ரலுக்குப் பிறகு மட்டம் ஒரு நாள், அதுவும் காய்ச்சல். ஜங்ஷனில் நிற்பதை விடவில்லை. எட்டேகால் பஸ் வரும்வரை நிற்கிறான், அப்பா இறங்கியதும் அவர் கையிலிருக்கும் சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டு கூட நடக்கிறான். பஸ் வரத் தாமதமானால் மற்றப் பையன்கள், “கீப்பரே, மாமாவ இன்னும் காணலியே” என்கிறார்களாம்.

வட்டப்பேரை அவர்களுக்கு யார் சொன்னது என்று கேட்டேன். அப்பாதான் என்றான்.

அக்காவின் விஷயம் இன்னும் முடியவில்லை. கல்லூரிக்கு விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும் என்கிறாள், அப்பா இன்னும் தலையாட்டவில்லை. அடுத்த வாரம் இருவரையும் சேர்த்து உட்காரவைக்க நாள் குறித்திருக்கிறோம்.